ஆஸ்திரேலியக் கொச்சை வழக்கு: சொற்பட்டியல்கள் சொல்லாமல் விடுவன

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் சேரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான வழிகாட்டிக் குறிப்புகளில் விசா, காப்பீடு, வாடகை வீடு முதலியவற்றுக்குப் பின் ஒரு சொற்பட்டியலும் பெரும்பாலும் இடம்பெறுகிறது. 'ஆர்வோ' என்றால் பிற்பகல், 'பார்பி' என்றால் திறந்தவெளி அடுப்பில் இறைச்சி சுட்டு உண்ணும் விருந்து, 'சர்வோ' பெட்ரோல் நிலையம், 'மோசி' கொசு, 'தாங்ஸ்' காலில் மாட்டும் ரப்பர் செருப்பு. இவற்றைக் கற்றுக்கொண்டு கலந்து பேசினால் ஊரோடு ஒன்றிவிடலாம் என்ற உற்சாகம் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் தெரியும். பட்டியலில் தவறு இல்லை. பொருள் சரியாகவே தரப்பட்டிருக்கிறது. ஆனால் கொச்சை வழக்கில் மிக எளிய பகுதி பொருள்தான். அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்தப் பொழுதில், எந்தக் குரலில் சொல்லலாம் என்பதே அதன் இலக்கணம். பட்டியல் அதைத் தொடுவதேயில்லை.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. 'மச்சான்' என்ற சொல்லுக்கு அகராதி ஓர் உறவுமுறையைப் பொருளாகத் தருகிறது. நண்பனை விளிக்கும் சொல் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்விரு பொருளையும் மனப்பாடம் செய்த ஒரு வெளிநாட்டவர் தம் துறைத்தலைவரை 'மச்சான்' என்று அழைத்தால் அகராதி அவரைக் காப்பாற்றாது. சொல்லின் பொருள் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் தெரியாது.

ஆஸ்திரேலிய மண்ணில் தொகுக்கப்பட்ட முதல் அகராதியே கொச்சை வழக்கை அயலாருக்கு விளக்க எழுந்த நூல் என்பது பலர் கவனிக்காத உண்மை. 1788இல் சிட்னியில் குடியேற்றம் தொடங்கியபின் அங்கிருந்த கைதிகள் தமக்குள் பேசிய 'ஃபிளாஷ்' மொழி அதிகாரிகளுக்குப் பிடிபடவில்லை. நீதிமன்றத்தில் சாட்சியைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாக, முதல் கப்பற்படையில் வந்த வாட்கின் டென்ச் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். மும்முறை நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி 1812இல் நியூகாசிலில் அம்மொழிக்கு ஒரு சொற்றொகுதி எழுதினார். அது 1819இல் லண்டனில் அவருடைய தன்வரலாற்றோடு அச்சாயிற்று. தமிழ் இலக்கண மரபு இத்தகைய மொழிக்குக் 'குழூஉக்குறி' என்று பெயரிட்டிருக்கிறது. ஒரு கூட்டம் தன்னை மறைத்துக்கொள்ளப் படைத்த மொழி அது.

இங்கே கவனிக்க வேண்டியது, வாக்ஸ் அந்தத் தொகுதியை யாருக்கு எழுதினார் என்பது. நியூகாசில் முகாமின் தலைமை அதிகாரிக்கே அதை அவர் காணிக்கையாக்கினார். அடைக்கப்பட்டவனின் மொழியை அடைத்தவனுக்கு விளக்கும் நூல்! கொச்சையை விளக்குதல் என்பது ஒருபோதும் வெறும் மொழிச்சேவையாக இருந்ததில்லை. விளக்கம் யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே உடன் வருகிறது. அந்தத் தொகுதியில் திருட்டுப்பொருளைக் குறித்த 'ஸ்வாக்' என்ற சொல், பின்னாளில் வேலை தேடி ஊர் ஊராகத் திரிந்த கூலியாளின் படுக்கைச் சுருளைக் குறிக்கலாயிற்று. பேன்ஜோ பேட்டர்சன் 1895இல் எழுதிய 'வால்ட்சிங் மாடில்டா' பாடலின் நாயகன் அப்படிச் சுருள் தூக்கித் திரியும் ஒரு 'ஸ்வாக்மேன்'. கைதியின் இரகசியச் சொல் எண்பத்தைந்து ஆண்டுகளுக்குள் தேசியப் பெருமிதத்தின் சொல்லாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் விளக்கம் கேட்கும் ஆள் மாறினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி, கிரேக்கம் முதலிய நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் குடியேறினர். 1957இல் 'தே ஆர் எ வியர்ட் மாப்' என்ற நகைச்சுவை நாவல் வெளியாகி மிகப்பெரும் விற்பனை கண்டது. இத்தாலியிலிருந்து சிட்னிக்கு வரும் நீனோ குலோட்டா என்ற பத்திரிகையாளர், தாம் முறையாகக் கற்ற ஆங்கிலம் அங்கே செல்லுபடியாகாமல் விழிக்கிறார். செங்கல் அடுக்கும் கொத்தனார்களுடன் வேலை செய்து ஊர்மொழியைக் கற்றுக்கொள்கிறார். மதுக்கடையில் 'இது உன் ஷவுட்' என்று சொல்லப்படும்போது, தான் ஏன் கத்த வேண்டும் என்று அவர் குழம்புவது அந்த நாட்டின் நினைவில் நின்றுவிட்ட வேடிக்கை. உடன் குடிப்போர் அனைவருக்கும் முறைவைத்து ஒருவர் வாங்கித் தருவதே 'ஷவுட்'.

நூலாசிரியராக அச்சிடப்பட்டிருந்த பெயரும் நீனோ குலோட்டாதான். உண்மையில் எழுதியவர் ஜான் ஓ'கிரேடி, ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அயலார் எப்படிக் குழம்ப வேண்டும், எப்படித் தெளிய வேண்டும், தெளிந்தபின் எவ்வளவு நன்றியோடு இருக்க வேண்டும் என்பதை அயலாரின் பெயரில் உள்ளூர்க்காரரே எழுதிக்கொண்டார். நாவல் இன்றும் சிரிக்க வைக்கிறது. அதை மறுப்பது அழகன்று. ஆனால் அதன் உட்கிடை தெளிவானது: வந்தவர்கள் தங்கள் மொழியை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள்ளட்டும். இன்றைய மாணவர் வழிகாட்டியின் உற்சாகத்தில் அந்தக் குரலின் எதிரொலி இன்னும் கேட்கிறது.

ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தும் தப்பாதவர்கள் உண்டு. 1964இல் சிட்னியில் தம் நூல்களில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்த ஆங்கில எழுத்தாளர் மோனிகா டிக்கன்ஸிடம் ஒரு பெண்மணி நூலை நீட்டி 'எம்மா சிசிட்' என்றாராம். அது அவர் பெயர் என்று எண்ணி எழுத்தாளர் 'எம்மா சிசிட்டுக்கு' என்று எழுதிக் கொடுத்தார். அப்பெண்மணி கேட்டதோ நூலின் விலை: 'ஹவ் மச் இஸ் இட்'. நாளிதழில் வந்த இச்செய்தியை ஒட்டியே அலஸ்டர் மாரிசன் புனைபெயரில் எழுதி 1965இல் வெளியான 'லெட் ஸ்டாக் ஸ்ட்ரைன்' என்ற கேலி அகராதி பிறந்தது.

பிறகு கொச்சை ஏற்றுமதிப் பொருளாயிற்று. 1984இல் நடிகர் பால் ஹோகன் தோன்றிய சுற்றுலா விளம்பரம் அமெரிக்கர்களை நோக்கி, உங்களுக்காகப் பார்பியில் இன்னுமோர் இறாலைப் போடுகிறேன் என்றது. இன்றும் ஆஸ்திரேலியரைப் பகடி செய்ய அமெரிக்கர் முதலில் எடுக்கும் வாசகம் அதுவே. வேடிக்கை என்னவெனில், இறாலுக்கு அவ்விளம்பரத்தில் வந்த 'ஷ்ரிம்ப்' என்ற சொல்லை ஆஸ்திரேலியர் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'பிரான்'. வாங்குபவருக்குப் புரியவேண்டும் என்று சரக்கு முன்கூட்டியே மாற்றப்பட்டிருந்தது. 2006இல் இதன் மறுபக்கம் தெரிந்தது. 'பிளடி' என்ற சொல்லை முழக்கத்தில் வைத்த சுற்றுலா விளம்பரத்தைப் பிரிட்டனின் தொலைக்காட்சித் தணிக்கை அமைப்பு முதலில் அனுமதிக்க மறுத்தது. ஆஸ்திரேலியாவில் வாக்கியத்துக்கு உப்புப் போலச் சேரும் அச்சொல், அது புறப்பட்டு வந்த தாய்நாட்டில் இன்னும் வசையாகவே இருந்தது.

இந்தியர் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிகழ்வு 2008 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட் போட்டி. அதன் முன்கதை 1932-33இன் 'பாடிலைன்' தொடரில் இருக்கிறது. ஆஸ்திரேலிய வீரர் ஒருவர் தம்மை 'பாஸ்டர்ட்' என்று திட்டியதாக முறையிட, இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் எதிரணியின் அறைக்கே சென்றார் என்றும், கதவைத் திறந்தவர் தம் வீரர்களைப் பார்த்து, இந்தப் பாஸ்டர்டை அப்படி அழைத்த பாஸ்டர்ட் யார் என்று கேட்டார் என்றும் ஒரு கதை அந்நாட்டில் தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, அக்கதை அங்கே விரும்பிச் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு: ஒரே சொல் வசையாகவும், சாதாரண ஆளைக் குறிப்பதாகவும், ஏன், பாசமாகவும்கூட வரும் என்பதே அதன் சுவை.

சிட்னி ஆட்டத்தில் அனில் கும்ப்ளேயையும் தோனியையும் பிராட் ஹாக் அதே சொல்லால் குறிப்பிட்டதாக இந்திய அணி புகார் அளித்தது. ஆஸ்திரேலியக் காதுக்கு அது அன்றாடச் சொல். இந்தியக் காதுக்கு அது பிறப்பையும் பெற்றவளையும் இழிவுபடுத்துவது. அதே ஆட்டத்தில்தான் ஹர்பஜன் சிங் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்றார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அவருக்கு மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இந்தியத் தரப்பின் விளக்கம் வேறாக இருந்தது: அவர் சொன்னது இந்தியில் தாயைச் சுட்டும் ஒரு வசை, ஒலி ஒற்றுமையால் தவறாகக் கேட்கப்பட்டது என்பது. இனவெறிக் குற்றச்சாட்டு நிறுவப்படாமல், வசைமொழி என்ற குறைந்த குற்றத்துக்கு ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதமாயிற்று. ஹாக் மீதான புகாரை இந்திய அணி அதற்கு முன்பே திரும்பப் பெற்றிருந்தது.

ஒரே ஆட்டத்தில் இரு தரப்பும் ஒரே வாதத்தைக் கையில் எடுத்தன: 'இது எங்கள் ஊரில் வெறும் வசை, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.' தத்தம் சொல்லுக்கு அந்தச் சலுகையைக் கோரியவர்கள் எதிரியின் சொல்லுக்கு அதைத் தரவில்லை. முந்தைய ஆண்டு அக்டோபரில் வதோதராவிலும் மும்பையிலும் பார்வையாளர் சிலர் சைமண்ட்ஸை நோக்கிக் குரங்கொலி எழுப்பியதையும் இந்தியர் வசதியாக மறந்துவிட முடியாது. தாயைப் பழிக்கும் சொல் 'வெறும் வசை' என்று நீதிபதியிடம் வாதிடும் அளவுக்கு நம் காது மரத்திருக்கிறது என்பதும் அன்று வெளிப்பட்டது. கொச்சையை விளக்கும்போது, 'எங்களிடையே இது தவறில்லை' என்ற கூற்று பொருள் விளக்கமாகத் தொடங்கி மிக விரைவில் மன்னிப்புக் கேட்காமல் இருப்பதற்கான வழியாகிவிடுகிறது. கேட்பவரின் காயம் சொல்பவரின் அகராதியால் தீர்மானிக்கப்படுவதில்லை.

'மேட்' என்ற சொல்லின் நிலையும் இதுவே. நண்பன், தோழன் என்று பட்டியல் தரும் பொருள் சரி. ஆனால் முன்பின் தெரியாதவரையும் விளிக்கலாம். பெயர் மறந்துபோனவரையும் விளிக்கலாம். சண்டைக்கு முன்பும் 'மேட்' என்றே தொடங்கலாம், குரல் மட்டும் தாழ்ந்து இறுகும். 2005 ஆகஸ்டில் கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தின் பாதுகாவலர்கள் வருகையாளரை 'மேட்' என்று அழைக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. பிரதமர் ஜான் ஹோவர்ட் உட்படப் பலரும் கண்டிக்கவே ஒரே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஹோவர்ட் 1999இல் கவிஞர் லெஸ் மரேயுடன் சேர்ந்து எழுதிய அரசமைப்பு முகவுரை வரைவில் 'மேட்ஷிப்' என்ற சொல்லைச் சேர்க்க முயன்று, எதிர்ப்பால் கைவிட நேர்ந்தது. அது ஆண்களின் உலகைக் குறிக்கும் சொல் என்பது ஒரு முக்கிய ஆட்சேபம். சமத்துவத்தின் சொல்லாகக் கொண்டாடப்படுவது எல்லோரையும் சமமாகத் தழுவவில்லை.

சொற்களைக் குறுக்கி 'ஓ', 'ஈ' சேர்க்கும் வழக்கத்துக்கு வருவோம். பட்டியல்களில் பெரும்பகுதி இவைதான்: தீயணைப்பு வீரர் 'ஃபைரி', அஞ்சல்காரர் 'போஸ்டி', குப்பை அள்ளுபவர் 'கார்போ', பத்திரிகையாளர் 'ஜர்னோ', வாகனப் பதிவு 'ரெஜோ'. உலகம் முழுதும் பரவிவிட்ட 'செல்ஃபி'யின் மிகப் பழைய பதிவும் 2002இல் ஆஸ்திரேலிய இணைய உரையாடல் ஒன்றிலேதான் கிடைத்திருக்கிறது. இதைக் குழந்தைமொழி என்றோ சோம்பல் என்றோ ஒதுக்குவோர் உண்டு. போலந்தில் பிறந்து கான்பெராவில் பணியாற்றிய மொழியியலாளர் அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா 1980களில் இதற்குக் கூர்மையான விளக்கம் தந்தார். போலிஷ் மொழியிலும் குறுக்கங்கள் நிறைய உண்டு. அங்கே அவை கனிவையும் செல்லத்தையும் காட்டும். ஆஸ்திரேலியக் குறுக்கத்தில் செல்லம் இல்லை. பேசப்படும் பொருளைப் பெரிதுபடுத்தாதிருத்தல், நீயும் நானும் ஒரே தளத்தில் நிற்கிறோம் என்று காட்டுதல் ஆகியவையே அதன் வேலை. கொசு 'மோசி' ஆவது கொசுவின் மேல் உள்ள அன்பால் அன்று! இவ்விளக்கம் சொந்தமொழியாளர் எவருக்கும் தோன்றாமல் வெளியிலிருந்து வந்தவருக்குத் தோன்றியது இயல்பே.

பட்டியல்கள் நாகரிகம் கருதி விட்டுவிடும் சொற்களும் உள்ளன. சில பாலியல் சொற்களை இடக்கரடக்கலாக நழுவவிடுவதில் பெரிய நட்டம் இல்லை, தம் அணிக்கு ஆதரவாகத் தாம் 'ரூட்' செய்வதாக அறிவிக்கும் அமெரிக்கர் அரங்கைச் சிரிக்கவைப்பார் என்பதைத் தவிர. ஆனால் 'வாக்' என்ற சொல்லை விடுவது வேறு வகை. பிரிட்டனில் அது தெற்காசியரையும் கறுப்பரையும் இழிவுசெய்யும் வசை. ஆஸ்திரேலியாவில் அது இத்தாலியர், கிரேக்கர் முதலிய தென்னைரோப்பியக் குடியேறிகள் மீது எறியப்பட்டது. சளி, காய்ச்சல் போன்ற தொற்றுக்கும் அதே ஒலியுடைய சொல் அங்கே உண்டு. 1987இல் கிரேக்க வழி ஆஸ்திரேலியரான நிக் ஜியானோபூலஸ் 'வாக்ஸ் அவுட் ஆஃப் வொர்க்' என்ற மேடை நிகழ்ச்சியில் அச்சொல்லைத் தம்மவர் சொத்தாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். இன்று அவர்களுள் ஒருவர் மற்றவரை அப்படி அழைத்தால் அது உறவு. வெளியாள் அழைத்தால் வசை. எட்டு மணிநேரச் சமையலறைப் பணியில் அருகில் நிற்கும் கிரேக்க நண்பர் சிரித்துக்கொண்டே சொன்ன சொல்லைத் தானும் திருப்பிச் சொல்லலாமா என்று ஓர் இந்திய மாணவர் தயங்கினால், வழிகாட்டியின் எந்தப் பக்கமும் அவருக்கு விடை தராது.

இன்னொரு விடுபடல் இதைவிடக் கனமானது. 'யாக்கா' என்றால் கடும் உழைப்பு என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். அது பிரிஸ்பேன் பகுதியின் யாகரா மொழிச்சொல் என்று சில மட்டுமே சொல்லும். கூப்பிடு தொலைவைக் குறிக்கும் 'கூயீ', சிட்னிப் பகுதியின் தாருக் மொழியிலிருந்து வந்தது. தமிழரும் எழுதும் 'கங்காரு' வடகிழக்கின் கூகு யிமிதிர் மொழியில் ஒருவகைக் கங்காருவின் பெயர். 1770இல் குக்கின் குழுவினர் எழுதிக்கொண்டது. பெயர் கேட்டபோது பழங்குடியினர் 'தெரியாது' என்று சொன்னதே பெயராகிவிட்டது என்ற கட்டுக்கதை இருநூறு ஆண்டுகள் உலவிற்று. 1970களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் அம்மொழியினரிடையே இருந்து ஆராய்ந்து, சொல் அங்கேயே உயிரோடிருப்பதைக் காட்டினார். விளக்கம் கேட்டவர்கள் கவனமாகத்தான் கேட்டார்கள், சொன்னவர்களும் சரியாகத்தான் சொன்னார்கள். இடையில் வந்தவர்களுக்குத்தான் பழங்குடியினரை அறியாதவராகக் காட்டும் கதை சுவைத்தது.

அப்பழங்குடியினர் இன்று பேசும் ஆங்கிலமும் தனக்கென வழக்குகள் உடையது. 'டெட்லி' என்றால் அங்கே அருமை. 'கேமன்' என்றால் பொய், பாவனை. 'சாரி பிசினஸ்' என்றால் இறப்புச் சடங்குகளும் துக்கம் காத்தலும். சுற்றுலாப் பயணிக்கான பட்டியலில் இவை அரிதாகவே வரும். ஆனால் வழக்கறிஞர்களுக்கு இவற்றையும், சொல்லைவிட முக்கியமாகப் பேச்சு முறையையும் விளக்க வேண்டிய தேவை மொழியியலாளர் டயானா ஈட்ஸுக்கு ஏற்பட்டது. குவீன்ஸ்லாந்து வழக்கறிஞர்களுக்கான அவருடைய கையேடு 1992இல் வந்தது. குறுக்கு விசாரணையில் அதிகாரத்தோடு அடுக்கப்படும் கேள்விகளுக்குப் பழங்குடிச் சாட்சி 'ஆம்' என்று சொல்லிக்கொண்டே போவது ஒப்புதலாக இராமல், உரையாடலை முடிக்கும் பணிவாக இருக்கலாம். நீண்ட மௌனம் மறைத்தலாக இராமல் யோசனையாக இருக்கலாம். இவை தெரியாத நீதிமன்றத்தில் ஒருவர் சிறைக்குப் போகலாம். டென்ச் காலத்து நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையும் அப்படியோர் இடம். ஆஸ்திரேலியச் சிற்றூர்களின் மருத்துவம் வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்களைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அவர்களுள் இந்தியர் கணிசமானவர். 'கொஞ்சம் குரூக்' என்று ஒரு முதிய விவசாயி சொன்னால் உடல்நலமில்லை என்று பொருள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் உயிர்ப்பிரச்சினை. வலியைக் குறைத்துச் சொல்வதையே ஆண்மை என்று வளர்க்கப்பட்டவருக்கு நெஞ்சுவலியும் 'கொஞ்சம்'தான். மருத்துவப் பணியாளருக்கான தனி ஆங்கிலத் தேர்வை அந்நாடு 1980களின் பிற்பகுதியிலேயே உருவாக்கியது பாராட்டத்தக்கது. எனினும் ஒரு சமூகம் எவ்வளவு குறைத்துச் சொல்லும் என்பதை அளக்கும் திறன் தேர்வு மண்டபத்தில் கிடைப்பதன்று. அதைச் செவிலியரோடும் நோயாளியோடும் உட்கார்ந்துதான் பெற வேண்டும்.

ஆகவே மாணவருக்கான குறிப்பை மாற்றி எழுதுவதாயின், சொற்களின் எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். விருந்துக்கு அழைப்பவர் 'ஒரு பிளேட் கொண்டுவாருங்கள்' என்றால், ஏதேனும் உணவு சமைத்து எடுத்துவர வேண்டும் என்பதே பொருள். வெறும் தட்டோடு போய் நின்ற குடியேறிகளின் கதை ஒவ்வொரு சமூகத்திடமும் உண்டு. 'மேட்' என்று அழைக்கப்பட்டால் பதில் சொல்லலாம். தாமாக முந்திக்கொண்டு அழைக்க வேண்டியதில்லை. 'யா, நா' என்ற இரட்டைச் சொல்லை ஆராய்ந்து கேட் பரிட்ஜும் மார்கரெட் ஃப்ளோரியும் 2002இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். உடன்படவும், மறுப்பை மென்மையாக்கவும், பாராட்டைக் கூச்சத்தோடு தட்டிக்கழிக்கவும் அது பயன்படும். ஆய்வு மாணவர் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது. நெறியாளர் ஓர் இயலைப் படித்துவிட்டு 'நாட் பேட்' என்று சொன்னால் மகிழலாம். பெரும்பாலும் அது உயர்ந்த பாராட்டு. 'யா, நா' என்று தொடங்கிச் சற்றே நிறுத்தினால், அடுத்து வரும் வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுக்க வேண்டும்.